பாண்ட் போட்ட சர்வரில் நெட்வொர்க் கோளாறு: கேபிள் முனையிலிருந்து எல்ஏசிபி வரை முழுமையான வழிகாட்டி

இரண்டு லேன் கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டி, ஒன்று போனாலும் மற்றது தாங்கும்படி சர்வரை அமைப்பதுதான் பாண்டிங். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கேபிள் செத்துப்போனாலும் வேலை நடந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து இரண்டாவது கேபிளும் போகும்போதுதான் எல்லோரும் சர்வர் அறைக்கு ஓடுவார்கள். அதனால் பாண்ட் உள்ள சர்வரில் ‘நெட் வருகிறதா’ என்று பார்த்தால் போதாது. எத்தனை காலில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் பாண்ட், ஏற்கெனவே பழுதான பாண்ட்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் இங்கே பெய்யும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று உலோகத்தை விடாமல் அரிக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று தூசியோடு வீசும். கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி மின்னல் அதிகம். மென்பொருள் அமைப்பைக் குடைவதற்கு முன் கேபிளையும் போர்ட்டையும் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கட்டுரை லினக்ஸ் சர்வரை வைத்து எழுதப்பட்டது. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கை வைப்பதற்கு முன்

பாண்ட் வழியாகவே எஸ்எஸ்எச்-இல் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) நுழைந்து அதே பாண்டை மாற்றுவது, நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற வேலை. ஐஎல்ஓ, ஐட்ராக் போன்ற தனி மேலாண்மை போர்ட் இருந்தால் அதன் வழியாக நுழையுங்கள். இல்லையென்றால் சர்வருக்கு மானிட்டரும் கீபோர்டும் மாட்டி நேரில் உட்காருங்கள். மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு நாகர்கோவில் சர்வரின் பாண்ட் மோடை இரவு பத்து மணிக்கு மாற்ற வேண்டாம்.

உபுண்டுவில் ‘நெட்பிளான் டிரை’ கொடுத்தால் 120 வினாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் திரும்பும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. சாதாரண இன்டர்ஃபேஸுக்கு அது சரி. பாண்ட், பிரிட்ஜ் ஆகியவற்றின் தனி அமைப்புகளை அது திருப்பித் தராது. இதை நம்பிக் கை வைத்தால் சர்வர் வெளியே தெரியாமல் போய்விடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் இப்போதைய நிலையை ஒரு ஃபைலில் சேமியுங்கள். பாண்டை நிறுத்தித் தொடங்கினாலோ சர்வரை ரீபூட் செய்தாலோ பழுது எண்ணிக்கைகள் சுழியமாகிவிடும், சாட்சியும் அதோடு போய்விடும். ஏற்கெனவே ரீபூட் ஆகிவிட்டது என்றால் ‘ஜர்னல்சிடிஎல் -கே -பி -1’ என்று கொடுத்து முந்தைய பூட்டின் கெர்னல் பதிவில் ‘பாண்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். பதிவுகள் டிஸ்க்கில் சேமிக்கப்படும்படி அமைந்திருந்தால், எந்த போர்ட் எந்த நேரத்தில் விழுந்தது என்பது அங்கே வினாடியோடு இருக்கும். மின்தடைக்குப் பிறகு வந்த கோளாறுக்கு முதல் தடயம் பெரும்பாலும் அந்தப் பதிவுதான்.

பாண்ட் சொல்வதைப் படிப்பது

முதல் கட்டளை: ‘சூடோ கேட் /ப்ராக்/நெட்/பாண்டிங்/பாண்ட்0’. சூடோ கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் பார்த்தால் எல்ஏசிபி (சர்வரும் ஸ்விட்சும் செய்தி பரிமாறிக் கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் முறை) பற்றிய முக்கிய வரிகள் பல கெர்னல்களில் காட்டப்படாது. வரி இல்லாததைப் பார்த்து ‘எல்ஏசிபி வேலை செய்யவில்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மேலே ‘பாண்டிங் மோட்’ என்ற வரி, பாண்ட் எந்த முறையில் இயங்குகிறது என்பது. அடுத்து ‘எம்ஐஐ போலிங் இன்டர்வல்’, அதாவது போர்ட்டில் லிங்க் இருக்கிறதா என்று பார்க்கும் இடைவெளி. இது 0 என்று இருந்தால், ஏஆர்பி கண்காணிப்பும் (குறித்த முகவரி பதில் தருகிறதா என்று கேட்டுப் பார்ப்பது) இல்லை என்றால், கேபிள் அறுந்தாலும் பாண்டுக்குத் தெரியாது. 100 மில்லிவினாடி என்று நீங்களே அமைப்பு ஃபைலில் எழுதிவையுங்கள். இயல்பு மதிப்பு கெர்னலுக்குக் கெர்னல், டிஸ்ட்ரிபியூஷனுக்கு டிஸ்ட்ரிபியூஷன் மாறும். அதை நம்பி விட வேண்டாம்.

கீழே ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனிப் பகுதி இருக்கும். ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 802.3ஏடி மோடில், அதாவது எல்ஏசிபி-யில், இரண்டு போர்ட் உள்ள ஒரு சர்வர்.

இஎன்ஓ1: எம்ஐஐ ஸ்டேட்டஸ் அப், ஸ்பீட் 1000, லிங்க் ஃபெயிலியர் கவுன்ட் 0, அக்ரிகேட்டர் ஐடி 1.
இஎன்ஓ2: எம்ஐஐ ஸ்டேட்டஸ் அப், ஸ்பீட் 100, லிங்க் ஃபெயிலியர் கவுன்ட் 14, அக்ரிகேட்டர் ஐடி 2.

இரண்டும் ‘அப்’. ஸ்விட்சிலும் இரண்டு விளக்கும் எரியும். மேலோட்டமாகப் பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த பாண்டில் இரண்டாவது கேபிள் சும்மா தொங்குகிறது. எல்ஏசிபி-யில் ஒரே வேகம் உள்ள போர்ட்டுகள்தான் ஒரே அக்ரிகேட்டரில், அதாவது ஒரே குழுவில், சேரும். ஒரு நேரத்தில் ஒரு அக்ரிகேட்டர் மட்டுமே வேலை செய்யும். வேகம் 100-க்கு இறங்கியதால் இஎன்ஓ2 தனியாக ஒதுங்கிவிட்டது. மேலே உள்ள ‘ஆக்டிவ் அக்ரிகேட்டர் இன்ஃபோ’ பகுதியில் ‘நம்பர் ஆஃப் போர்ட்ஸ்’ 2 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று இருக்கும். எல்ஏசிபி பாண்டில் ஒரே ஒரு வரியை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் இந்த வரியைப் பாருங்கள்.

ஃபெயிலியர் கவுன்ட் 14 என்பதையும் அப்படியே விடக்கூடாது. பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 15, 16 என்று ஏறினால் இணைப்பு இப்போதும் விட்டு விட்டு வருகிறது. ஏறவில்லை என்றால் அது பழைய நிகழ்வு; பதிவில் தேதி பாருங்கள்.

இன்னொன்று ‘பெர்மனன்ட் எச்டபிள்யூ ஆடர்’. பாண்டில் சேர்ந்த பிறகு பெரும்பாலான மோடுகளில் எல்லா போர்ட்டுகளும் ஒரே மேக் முகவரியை (போர்ட்டின் வன்பொருள் முகவரி) காட்டும். எது எந்த போர்ட் என்று அறிய இந்த வரிதான் நம்பகமானது. ரேக்கின் பின்னால் நின்று குழம்பினால் ‘ஈத்டூல் -பி இஎன்ஓ2 30’ கொடுங்கள். இதில் சின்ன பி. அந்த போர்ட்டின் விளக்கு 30 வினாடி சிமிட்டும். தவறான கேபிளைப் பிடுங்கி, நின்றிருந்த ஒற்றைக் காலையும் முறிக்காமல் இருக்க இது ஒன்று போதும்.

கேபிளும் போர்ட்டும்

‘ஈத்டூல் இஎன்ஓ2’ என்று கொடுத்தால் ஸ்பீட், டூப்ளெக்ஸ், லிங்க் டிடெக்டட் மூன்றும் வரும். 1000 வர வேண்டிய இடத்தில் 100 வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நான்கு ஜோடியில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது, அல்லது தொடுமுனை பிடிக்கவில்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய பின்கள் இருந்தால் போதும். 4, 5, 7, 8-இல் ஒன்று போனாலும் இணைப்பு சாகாது, மெலியும்.

இந்த நிலையில் ஸ்விட்சிலோ சர்வரிலோ 1000 என்று கட்டாயப்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். செம்புக் கேபிளில் கிகாபிட்டுக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம். அதை அணைத்தால் கோளாறு கூடும்.

கேபிளை மாற்றும் முன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆர்ஜே45-இன் எட்டுத் தகடுகளும் தங்க நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். கடலோரக் கட்டடங்களில் ஓராண்டு ஈராண்டு இருந்த மலிவு முனைகளில் தகட்டு ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். தங்கப்பூச்சு மெல்லியதாக இருந்தால் அதன் கீழே உள்ள உலோகத்தை உப்பு பிடித்துவிடும். 50 மைக்ரோ இன்ச் தங்கப்பூச்சு உள்ள முனைகளைக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் சிறிது, ஆயுள் வித்தியாசம் பெரிது. களிம்பு பிடித்த பேட்ச் கார்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டாதீர்கள். சுரண்டினால் மிச்சமிருக்கும் பூச்சும் போய்விடும். புதிது மாட்டுங்கள். ஸ்விட்ச் போர்ட்டின் உட்புறத்தில் களிம்பு இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மின்தொடுமுனைகளுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனரை அடித்து, முழுதும் உலர்ந்த பிறகு மின்சாரம் கொடுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே கூடாது. எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டும். காலியாக இருக்கும் போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுவது பத்து நிமிட வேலை. ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் தூசிக்கும் அது நல்லது.

‘சிசிஏ’ கேபிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி அது. கேட்6 என்று அச்சடித்து விற்கப்படும், முழுச் செம்பில் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். உப்பும் ஈரமும் சேரும் இடத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கும். கம்பியும் எளிதில் ஒடியும். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியம். சர்வர் கேபிளாக அதை ஒருநாளும் போடாதீர்கள்.

வேகம் 1000 வந்தும் பாக்கெட்டுகள் கெடுகின்றன என்றால் ‘ஈத்டூல் -எஸ் இஎன்ஓ2’ கொடுத்து, இங்கே பெரிய எஸ், சிஆர்சி என்ற பெயர் வரும் எண்ணிக்கையை, அதாவது கெட்டுப்போய் வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கையை, பாருங்கள். இதில் ஆளை ஏமாற்றும் ஒரு கோளாறு உண்டு. கிரிம்பிங் செய்தவர் நிறங்களை ஜோடி ஜோடியாக 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாக அடுக்கியிருப்பார். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால் விளக்கு எரியும் சாதாரண டெஸ்டர் எட்டும் சரி என்று காட்டும். ஆனால் சரியான ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8. ஜோடி பிரிந்ததால் குறுக்குத் தொந்தரவு ஏறி சிஆர்சி பிழை வரும். டெஸ்டரை நம்பாமல் முனைக்குள் நிறத்தைப் பாருங்கள். 568பி முறையில்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

ஃபைபரில் ‘ஈத்டூல் -எம்’ (சின்ன எம்) எஸ்எஃப்பி-யின், அதாவது ஃபைபரை மாட்டும் சிறு மாட்யூலின், ஒளி அளவைக் காட்டும். 10 கிகாபிட் எஸ்ஆர் வகையில் பெறும் ஒளி மைனஸ் 9.9 டிபிஎம்-க்குக் கீழே இறங்கக்கூடாது. எல்ஆர் வகையில் மைனஸ் 14.4. எல்லைக்கு இரண்டு மூன்று டிபி அருகில் வந்ததுமே ஃபைபர் முனையைத் துடையுங்கள். எஸ்எஃப்பி மாற்றுவதற்கு முன் துடைப்பது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

எல்ஏசிபி: இரண்டு பக்கமும் ஒரே மொழி பேசுகிறதா

கேபிள் சரி, வேகம் சரி, ஆனாலும் அக்ரிகேட்டர் ஐடி வேறு வேறாக வருகிறது என்றால் ஸ்விட்ச் பக்கம் போக வேண்டும். அதற்கு முன் சர்வரிலேயே ‘பார்ட்னர் மேக் அட்ரஸ்’ வரியைப் பாருங்கள்.

அது முழுக்கச் சுழியமாக, 00:00:00:00:00:00 என்று இருந்தால், எதிர்ப்பக்கத்திலிருந்து எல்ஏசிபி செய்தி ஒன்றுகூட வரவில்லை. ஸ்விட்ச் போர்ட்டில் எல்ஏசிபி அமைக்கப்படவில்லை, அல்லது நிலையான சேனலாக, சிஸ்கோவில் ‘மோட் ஆன்’ என்பதாக, அமைத்திருக்கிறார்கள். இரண்டாவது வகை மிகத் தொல்லையானது. சர்வர் ஒரு போர்ட்டை மட்டும் பயன்படுத்தும், ஸ்விட்சோ இரண்டிலும் பங்கிட்டு அனுப்பும். ஒதுங்கிய போர்ட்டில் வந்த பாக்கெட்டுகளை சர்வர் கீழே போட்டுவிடும். வெளியே தெரியும் அடையாளம்: ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுன்ட்டர் கம்ப்யூட்டருக்கு சர்வர் கிடைக்கும், அடுத்த மேசையில் உள்ள ஃபார்மசி கம்ப்யூட்டருக்குக் கிடைக்காது. நாள் முழுக்க ஐபி முகவரியையும் ஆன்டிவைரஸையும் சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள். ‘சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை, அது மாறுவதும் இல்லை’ என்று கேட்டவுடன் பாண்டை நினையுங்கள். சிஸ்கோவில் ‘மோட் ஆக்டிவ்’ என்று மாற்றினால் தீரும்.

பார்ட்னர் மேக் இருக்கிறது, ஆனால் இரண்டு போர்ட்டிலும் வேறு வேறு என்றால், இரண்டு கேபிளும் இரண்டு தனித்தனி ஸ்விட்ச்சுக்குப் போகின்றன. இரண்டு ஸ்விட்சையும் ஒன்றுபோல் நடக்கும்படி ஸ்டேக் அல்லது எம்லாக் செய்திருந்தால்தான் எல்ஏசிபி சேரும். அந்த வசதி இல்லாத ஸ்விட்சுகளில் எல்ஏசிபி வேண்டாம். ஒரு கேபிள் வேலை செய்ய மற்றது காத்திருக்கும் ஆக்டிவ்-பேக்கப், அதாவது மோட் 1 போடுங்கள். மேக் ஒன்றே, ‘பார்ட்னர் கீ’ மட்டும் வேறு என்றால் ஒரே ஸ்விட்சில் இரண்டு போர்ட்டும் வெவ்வேறு சேனல் குழுவில் கிடக்கின்றன. கேபிளைத் தவறான போர்ட்டில் மாட்டியிருப்பார்கள்.

‘போர்ட் ஸ்டேட்’ என்ற எண்ணையும் படிக்கப் பழகுங்கள். அது பல கூறுகளின் கூட்டல்: ஆக்டிவ் 1, குறுகிய காலக்கெடு 2, சேரத் தயார் 4, ஒத்திசைவு 8, வாங்குகிறது 16, அனுப்புகிறது 32, எதிராளி இல்லாமல் இயல்பு மதிப்பில் இருக்கிறது 64, காலாவதி 128. ஆரோக்கியமான போர்ட் 61 காட்டும், வேகமான காலக்கெடு வைத்திருந்தால் 63. உங்கள் பக்கத்தின் எண்ணில் 64 கலந்திருந்தால், உதாரணமாக 69 அல்லது 77, எதிர்ப்பக்கம் பேசவே இல்லை. 61-இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கூட்டிக் கழித்தால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

எல்ஏசிபி ரேட் ‘ஸ்லோ’ என்றால் 30 வினாடிக்கு ஒரு செய்தி, 90 வினாடி வராவிட்டால் துண்டிப்பு. ‘ஃபாஸ்ட்’ என்றால் 1 வினாடி, 3 வினாடி. ஸ்விட்ச் தாங்கும் என்றால் ஃபாஸ்ட் வையுங்கள்.

சிஸ்கோ ஸ்விட்சில் ‘ஷோ ஈதர்சேனல் சம்மரி’ கொடுத்தால் போர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து வரும். பெரிய பி என்றால் சேர்ந்துவிட்டது. பெரிய ஐ என்றால் தனியாக நிற்கிறது. சின்ன எஸ் என்றால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மற்ற நிறுவன ஸ்விட்சுகளிலும் இதற்கு இணையான பக்கம் இருக்கும்.

மற்ற மோடுகளுக்குச் சுருக்கமாக: மோட் 1, 5 (பேலன்ஸ்-டிஎல்பி), 6 (பேலன்ஸ்-ஏஎல்பி) ஆகியவற்றுக்கு ஸ்விட்சில் சேனல் எதுவும் அமைக்கக்கூடாது. மோட் 0 (பேலன்ஸ்-ஆர்ஆர்), 2 (பேலன்ஸ்-எக்ஸ்ஓஆர்) ஆகியவற்றுக்கு நிலையான சேனல் வேண்டும். இதில் தவறினால் ஸ்விட்ச் பதிவில் ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுக்கு இடையே தாவுவதாக எச்சரிக்கை குவியும்.

விளக்கு எரிகிறது, ஆனால் வழி இல்லை

இடி மின்னலுக்குப் பயந்து கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர் இழுப்பது மிகச் சரியான முடிவு. கல்லூரி வளாகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அப்படித்தான் செய்ய வேண்டும். பிரச்சினை அதன் இரு முனையிலும் வைக்கும், ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டரில் வருகிறது. நடுவில் ஃபைபர் அறுந்தாலும் கன்வெர்ட்டருக்கும் சர்வருக்கும் இடையே உள்ள ஒரு மீட்டர் செம்புக் கேபிளில் லிங்க் உயிரோடு இருக்கும். எம்ஐஐ கண்காணிப்பு அந்த ஒரு மீட்டரை மட்டுமே பார்க்கிறது. பாண்ட் மாறாது, போக்குவரத்து கிணற்றில் விழும்.

கன்வெர்ட்டரில் ‘லிங்க் ஃபால்ட் பாஸ் த்ரூ’ என்ற சின்ன சுவிட்ச் இருந்தால் இரு முனையிலும் அதை ஆன் செய்யுங்கள். ஃபைபர் போனால் செம்புப் பக்கத்தையும் அது அணைத்துவிடும். அந்த வசதி இல்லையென்றால், மோட் 1-இல் எம்ஐஐ-க்குப் பதிலாக ஏஆர்பி கண்காணிப்பு வையுங்கள்: ‘ஏஆர்பி இன்டர்வல்’ 1000 மில்லிவினாடி, ‘ஏஆர்பி ஐபி டார்கெட்’ என்பதில் கேட்வே முகவரியும், அதே நெட்வொர்க்கில் எப்போதும் ஓடும் இன்னொரு கருவியின் முகவரியும். ஒரே முகவரி கொடுத்தால் அந்தக் கருவி ரீபூட் ஆகும்போதெல்லாம் பாண்ட் பதறும். எம்ஐஐ, ஏஆர்பி இரண்டையும் சேர்த்து வைக்கக்கூடாது. எல்ஏசிபி-யிலும் மோட் 5, 6-இலும் ஏஆர்பி கண்காணிப்பு இல்லை. எல்ஏசிபி-யில் செய்தி நின்றால் தானே துண்டிக்கும். 90 வினாடியா 3 வினாடியா என்பது நீங்கள் வைத்த ரேட்டைப் பொறுத்தது.

இரண்டு கேபிள் இருந்தும் வேகம் கூடவில்லை

இது பழுதே இல்லாத பழுது. ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் ஒரே கேபிளில்தான் போகும். மோட் 0-உம், எல்லாக் கேபிளிலும் நகல் அனுப்பும் மோட் 3-உம் தவிர மற்றவற்றில் அப்படித்தான். இரண்டு 1 கிகாபிட் கேபிள் இருந்தாலும் ஒரே பேக்கப் ஃபைல் வினாடிக்கு சுமார் 940 மெகாபிட்டுக்கு மேல் ஓடாது.

பல இணைப்புகள் இருந்தும் ஒரே கேபிளில் குவிகிறது என்றால் ஹேஷ் பாலிசியை, அதாவது எது எந்தக் கேபிளில் போக வேண்டும் என்று பிரிக்கும் விதியை, பாருங்கள். இயல்பான ‘லேயர்2’ மேக் முகவரியை மட்டும் பார்த்துப் பிரிக்கும். உங்கள் கிளைகளெல்லாம் கேட்வே வழியாக வந்தால் எல்லாவற்றுக்கும் எதிர் மேக் ஒன்றுதான், ஆகவே எல்லாம் ஒரே கேபிளில் ஏறும். ‘லேயர்3+4’ என்று மாற்றினால் ஐபி முகவரி, டிசிபி/யூடிபி போர்ட் எண் இரண்டையும் பார்த்துப் பிரிக்கும். இது சர்வரிலிருந்து வெளியே போகும் திசைக்கு மட்டும். உள்ளே வரும் திசையை ஸ்விட்சின் ஹேஷ்தான் தீர்மானிக்கிறது. அதை அங்கே தனியாக மாற்ற வேண்டும். ஒரு திசை மட்டும் வேகமாக இருக்கிறது என்று வரும் புகாருக்கு இதுவே காரணம்.

சோதிக்க வேகம் அளக்கும் ‘ஐபெர்ஃப்3’-ஐ ‘-பி 8’ (பெரிய பி) கொடுத்து எட்டு இணைப்பாக ஓட்டுங்கள். எதிரில் உள்ள கருவிக்கும் 1 கிகாபிட்டுக்கு மேல் திறன் இருக்க வேண்டும்.

கரண்ட் போய் வந்த பிறகு

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த மாதிரியான பேரிடர் அடிக்கடி வராது. ஆனால் மழைக்காலத்தில் மின்தடை வழக்கமானது. அதில் மூன்று விஷயம் பாண்டைத் தொடும்.

இரண்டு ஸ்விட்ச் வைத்து, இரண்டையும் ஒரே யூபிஎஸ்-இல் மாட்டியிருந்தால் பாண்ட் போட்ட பலன் பாதிக்கு மேல் போயிற்று. பிரித்து மாட்டுங்கள்.

கரண்ட் வரும்போது ஸ்விட்ச் எழுவதற்குள் சர்வர் எழுந்துவிட்டால், நெட்வொர்க் தயாராகும் வரை 120 வினாடி காத்திருந்து பார்த்துவிட்டு மேலே போகும். அதற்குள் ஏற வேண்டிய என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகப் பகிரும்) ஃபோல்டர்கள் ஏறாமல் நின்றுவிடும். பாண்ட் பிறகு தானே சரியாகிவிடும், ஃபோல்டர் சரியாகாது. பயாஸில் சர்வர் எழுவதற்குத் தாமதம் வைக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. மூன்று நிமிடம் வையுங்கள்.

மூன்றாவது ஸ்பானிங் ட்ரீ, நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் ஸ்விட்ச் பார்த்துக்கொள்ளும் முறை. பழைய முறை ஸ்பானிங் ட்ரீ உள்ள ஸ்விட்ச் போர்ட், கேபிள் மாட்டியதிலிருந்து 30 வினாடி போக்குவரத்தை விடாது. மோட் 1-இல் ஒரு கேபிளை ‘பிரைமரி’ (முதன்மை) என்று வைத்திருந்தால், பழுதான கேபிள் உயிர்பெற்றதும் பாண்ட் உடனே அதற்குத் தாவும், அங்கே 30 வினாடி அடைப்பு. கேபிள் போனபோது நிற்காத சர்வர், கேபிள் திரும்பி வந்தபோது நிற்கும். சர்வர் போர்ட்டுகளில், இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் ஆன் செய்வது முதல் தீர்வு. ஸ்விட்ச் உங்கள் கையில் இல்லையென்றால் ‘அப்டிலே’ (லிங்க் வந்த பிறகு பாண்ட் காத்திருக்கும் நேரம்) 40000 மில்லிவினாடி வையுங்கள், அல்லது ‘பிரைமரி ரீசெலக்ட்’ என்பதை ‘ஃபெயிலியர்’ ஆக்குங்கள்.

அடிக்கடி தட்டுப்படும் வேறு சில

பாண்டில் சேர்ந்த போர்ட்டில் பழைய ஐபி முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் பதில் பாக்கெட்டுகள் வழி மாறும். ‘ஐபி ஆடர்’ கொடுத்துப் பாருங்கள், முகவரி பாண்ட்0-இல் மட்டும் இருக்க வேண்டும்.

புதிய கார்டு செருகிய பிறகு பாண்ட் ஒரு போர்ட்டை இழந்தால், இன்டர்ஃபேஸ் பெயர் மாறியிருக்கும். பெயரை நம்பாமல் மேக் முகவரியைக் கொண்டு அமைப்பு ஃபைலில் எழுதுங்கள்.

ஜம்போ ஃப்ரேம் (பெரிய அளவு பாக்கெட்) 9000 வைத்திருந்தால் ‘பிங் -எம் டூ -எஸ் 8972’ (பெரிய எம், சின்ன எஸ்) எதிர்முனை வரை போக வேண்டும். 1472 போய் 8972 போகவில்லை என்றால் நடுவில் ஏதோ ஒரு ஸ்விட்சில் எம்டியு (பாக்கெட் அளவு வரம்பு) மாறவில்லை.

விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ-யின் சாதாரண விஸ்விட்ச் எல்ஏசிபி பேசாது. டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச் மட்டுமே பேசும். ஹைப்பர்-வி-யின் செட் டீமிங்கும் எல்ஏசிபி பேசாது. இவற்றுக்கு எதிரில் எல்ஏசிபி அமைத்துவிட்டு லினக்ஸ் முறையில் தேடினால் விடை கிடைக்காது.

பிடுங்கிப் பார்த்தல்

சரிசெய்த பிறகு பிடுங்கிப் பார்க்காத பாண்டை நம்பக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை போன்ற ஓய்வு நேரத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டு, இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ‘பிங் -ஐ 0.2’ (சின்ன ஐ) ஓடவிடுங்கள். வினாடிக்கு ஐந்து பிங்.
2. முதல் கேபிளைப் பிடுங்குங்கள். இரண்டு மூன்று பிங் விழலாம். பத்துக்கு மேல் விழுந்தால் கண்காணிப்பு இடைவெளியை மறுபடி பாருங்கள்.
3. இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். 90 வினாடிக் காலக்கெடு சார்ந்த கோளாறு இருந்தால் அதற்குள் வெளிவரும்.
4. கேபிளைத் திரும்ப மாட்டி பிங்கைக் கவனியுங்கள். ஸ்பானிங் ட்ரீ கோளாறு இந்த இடத்தில்தான் தலைகாட்டும்.
5. ‘நம்பர் ஆஃப் போர்ட்ஸ்’ மறுபடி 2 ஆனதைப் பார்த்த பிறகே இரண்டாவது கேபிளுக்குப் போங்கள்.
6. இரண்டு ஸ்விட்ச் இருந்தால் ஒவ்வொன்றாக மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். மீடியா கன்வெர்ட்டர் இருந்தால் செம்பை விட்டுவிட்டு ஃபைபரைக் கழற்றுங்கள்.

கேபிளின் இரு முனையிலும் சர்வர் பெயர், போர்ட் பெயர், ஸ்விட்ச் போர்ட் எண் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். பேட்ச் கார்டு நான்கு, எஸ்எஃப்பி இரண்டு கையிருப்பில் வையுங்கள். அவசரத்துக்கு எஸ்எஃப்பி திருவனந்தபுரத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வர வேண்டியிருக்கலாம்.

கடைசியாகக் கண்காணிப்பு. ப்ரோமீதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதற்கு சர்வரின் எண்களைத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரில் ‘நோட்_பாண்டிங்_ஆக்டிவ்’ என்ற எண் ‘நோட்_பாண்டிங்_ஸ்லேவ்ஸ்’ என்ற எண்ணை விடக் குறைந்தால் எச்சரிக்கை வரும்படி அமைக்கலாம். ஆனால் அது லிங்க் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமே எண்ணுகிறது. முன்னே பார்த்த 100 மெகாபிட் போர்ட்டை, வேறு அக்ரிகேட்டரில் ஒதுங்கி நிற்பதை, அது பிடிக்காது. எல்ஏசிபி பாண்டுக்கு ‘/சிஸ்/கிளாஸ்/நெட்/பாண்ட்0/பாண்டிங்/ஏடி_நம்_போர்ட்ஸ்’ என்ற ஃபைலையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, 2 என்பது 1 ஆனவுடன் உங்கள் ஃபோனுக்குச் செய்தி வரும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரானில் போட்டுவிடுங்கள்.